டைக்ளோரோஅசிட்டிக் ஆசிட்: ஒலிகோ சிந்தசிஸ்லயும் செல் வேலையிலயும் எப்படி யூஸ் பண்றது

சிந்தசைசர் மெஷின்ல டிஎன்ஏ ஒலிகோ (சின்ன டிஎன்ஏ துண்டு) போடுறவங்க முதல்ல முடிவு பண்ண வேண்டியது டீபிளாக்குக்கு (அடுத்த பேஸ் சேர்க்குறதுக்கு முன்னாடி முனையில இருக்குற பாதுகாப்பு குரூப்பைக் கழட்டுறது) எந்த ஆசிட்ங்கறதுதான். 20 பேஸ் பிரைமர்னா ட்ரைக்ளோரோஅசிட்டிக் ஆசிடே போதும், சட்டுனு முடிஞ்சிடும். 100 பேஸ் தாண்டுற ஒலிகோ, அதுலயும் அடினின் நிறைய இருந்தா யோசிக்கவே வேணாம், டைக்ளோரோ எடுத்துக்கோங்க. ட்ரைக்ளோரோவோட பிகேஏ (இது கொறைய கொறைய ஆசிட் ஸ்ட்ராங்) 0.7 கிட்ட, டைக்ளோரோவோடது 1.3 கிட்ட. ஸ்ட்ராங் ஆசிட் ஒவ்வொரு சைக்கிள்லயும் பென்சாயில்ங்கற பாதுகாப்பு குரூப் போட்ட அடினினை சுகர்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா கழட்டி விட்டுடும், அப்ப ஒண்ணுமே தெரியாது, கடைசில அம்மோனியா ஊத்தும்போதுதான் அந்த எடத்துல செயின் உடையும்.

கலக்குறது ஈஸி. 1 லிட்டருக்கு 970 மிலி டைக்ளோரோமீத்தேன் இல்ல டொலுயீன் கண்ணாடி பாட்டில்ல எடுத்துட்டு, ஃபியூம் ஹுட்ல வச்சு 30 மிலி ஆசிட்ட மெதுவா விடுங்க, 3% ரெடி. கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி, லேப் கோட் இல்லாம பாட்டிலைத் தொடாதீங்க, தோல்ல பட்டா பொசுக்கிடும். சாதா நைட்ரைல் கிளவுஸ் வழியா டைக்ளோரோமீத்தேன் சில நிமிஷத்துலயே ஊடுருவிடும், அதனால ரெண்டு ஜோடி போட்டுட்டு மேல பட்ட உடனே மாத்திடுங்க. ஆசிட் வாங்கும்போது குளோரால்ங்கற கலப்பு எவ்வளவு இருக்குன்னு சர்டிஃபிகேட்ல கண்டிப்பா பாருங்க, அது ஒலிகோல ஒட்டிக்கிட்டா பிரிச்சு எடுக்குறது ரொம்ப கஷ்டம்.

மெஷின் ஓட ஆரம்பிச்சதும் காலம்ல (column, ஒலிகோ வளர்ற குழாய்) இருந்து வர்ற ஆரஞ்சு கலரைப் பாருங்க, அதுதான் டீபிளாக்ல கழண்டு வர்ற டிஎம்டிங்கற பாதுகாப்பு குரூப், 498 நானோமீட்டர்ல அளக்கலாம். கலர் சட்டுனு ஏறி சட்டுனு இறங்கணும். இழுத்துக்கிட்டே வந்தா முந்தின வாஷ்ல இருந்த அசிட்டோநைட்ரைல் காலம்ல தங்கியிருக்கான்னு பாருங்க, அது ஆசிட்டோட வேகத்தை நல்லாவே கொறைச்சிடும்.

செல் வேலைக்கு வந்தா ஆசிட்ட நேரா செல் வளர்ற மீடியத்துல விடவே கூடாது, அதோட சோடியம் சால்ட்தான். இல்லன்னா மீடியம் மஞ்சளாகி பிஹெச் இறங்கியே செல் செத்துடும், நீங்க மருந்து வேலை செஞ்சதுன்னு எழுதிடுவீங்க. இது பிடிகே (பைருவேட் டீஹைட்ரஜனேஸ் கைனேஸ்) என்சைமை அடக்கும், அதனால பைருவேட் லாக்டேட்டா போகாம மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள போகும், ஆனா மில்லிமோலார் அளவு வேணும், அவ்வளவு சோடியம் சேருறதால அதே அளவு சோடியம் குளோரைடு போட்ட கன்ட்ரோலும் வைங்க.

2007ல ஆல்பர்ட்டா யுனிவர்சிட்டி டீம் எலிகள்ல கேன்சர் கட்டி சுருங்குறதைக் காட்டினப்புறம் இதை ஆன்லைன்ல வாங்கி தானா சாப்பிட்டவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு யாரும் அதைப் பண்ணாதீங்க, மெலாஸ்ங்கற மைட்டோகாண்ட்ரியா நோய் இருக்கறவங்ககிட்ட நடந்த ட்ரயலையே நரம்பு பாதிப்பு வந்து நிறுத்த வேண்டியதாச்சு. எலிக்கு தொடர்ந்து கொடுக்குறீங்கன்னா முதல் நாள் அளந்த பிளட் லெவலை வச்சு டோஸ் போடாதீங்க, இதை உடைக்கிற ஜிஎஸ்டி சீட்டா என்சைமையே இது முடக்கிடும், போகப்போக உடம்புல தங்குற நேரம் கூடும், அதனால நடுநடுவுல திரும்ப அளங்க.