எல்எஸ் வண்ணம்: 'ஆல்வேஸ்' வைத்த வினை

டெர்மினலில் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை அடித்தால் ஃபோல்டர் நீலத்திலும், இயங்கும் கோப்பு பச்சையிலும் வர வேண்டும். ஆசை அவ்வளவுதான். எங்கோ பார்த்த அலியாஸ் (கட்டளைக்கு நாமே வைக்கும் சுருக்குப் பெயர்) வரியை ஒட்டுகிறோம், வண்ணம் வந்துவிடுகிறது, மறந்துவிடுகிறோம். கோளாறு தலைகாட்டச் சில வாரம் ஆகும்.

எனக்கு அது கிரெப் என்ற தேடும் கட்டளை வழியாக வந்தது. கண்ணெதிரே ஏழெட்டு ஜிப் கோப்புகள் சிவப்பாக நிற்கின்றன. எல்எஸ் பட்டியலைப் பைப்பில் விட்டு, அதாவது நேரே கிரெப்புக்கு அனுப்பி, 'ஜிப்' என்று முடியும் பெயர்களைக் கேட்டால் ஒன்றுகூட வரவில்லை. பட்டியலை ஒரு கோப்பில் சேமித்து எடிட்டரில் திறந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஒவ்வொரு ஜிப் பெயருக்கும் முன்னால் '[01;31எம்', பின்னால் '[0எம்'. இவை எஸ்கேப் குறிகள். டெர்மினல் இவற்றை விழுங்கிவிட்டு நிறத்தை மட்டும் காட்டும். கிரெப்புக்கோ இவையும் எழுத்துகள்தான். ஆகவே அதன் கணக்கில் எந்தப் பெயரும் 'ஜிப்' என்று முடியவே இல்லை.

அலியாஸில் நான் வைத்திருந்தது '--கலர்=ஆல்வேஸ்'. அந்த இடத்தில் 'ஆட்டோ' இருக்க வேண்டும். அப்போதுதான் வெளியீடு டெர்மினலுக்குப் போகிறதா என்று பார்த்து, போனால் மட்டும் நிறம் பூசும். இதில் இன்னொரு பொறியும் உண்டு: லினக்ஸில் வழக்கமாக இருக்கும் குனு எல்எஸ்ஸில், எதுவும் சேர்க்காமல் வெறும் '--கலர்' என்று விட்டாலும் அது ஆல்வேஸ்தான். பட்டியலைப் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ்ஸில் நிறத்தோடு பார்க்க வேண்டுமா? அந்த ஒரு தடவை ஆல்வேஸைக் கையால் அடித்து, லெஸ்ஸுக்குப் பெரிய 'ஆர்' ஆப்ஷனும் கொடுங்கள்.

மேக்கில் வண்ணத்துக்குப் பெரிய 'ஜி' ஆப்ஷன் போடுவார்கள். அதே வரியை லினக்ஸுக்குக் கொண்டுவந்தால் பிழைச்செய்தி எதுவும் வராது, அதுதான் வம்பு. குனுவில் பெரிய 'ஜி' என்றால் குரூப் பெயரைக் காட்டாதே என்று அர்த்தம். நீளப் பட்டியலில் ஒரு நெடுவரிசை சத்தமில்லாமல் காணாமல் போகும், வண்ணமும் வராது.

அலியாஸ் எழுதும்போது சமக்குறிக்கு இருபுறமும் இடம் விடக் கூடாது. அப்புறம், எந்த ஷெல்லில் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) இருக்கிறீர்கள் என்று பாருங்கள். மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினா முதல் இயல்பான ஷெல் இசட்ஷெல். பேஷ் என்ற வேறொரு ஷெல்லின் பேஷ்ஆர்சி கோப்பில் எழுதினால் அது எட்டிக்கூடப் பார்க்காது.

கறுப்புப் பின்னணியில் அந்த அடர்நீலம் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்று பலர், எதற்கு எந்த நிறம் என்று வைத்திருக்கும் 'எல்எஸ்_கலர்ஸ்' மாறியில் கைவைப்பார்கள். ஃபோல்டருக்கான மதிப்பை மட்டும் எழுதி மற்றதை அழித்துவிட்டால் ஜிப்பின் சிவப்பு, படங்களின் ஊதா எல்லாம் போய்விடும். பழைய மதிப்பின் வாலில் உங்களுடையதை ஒட்டுங்கள். அதையும், இந்த மாறியை நிரப்பும் டிர்கலர்ஸ் கட்டளை ஓடும் வரிக்குக் கீழே எழுதுங்கள். மேலே எழுதினால் டிர்கலர்ஸ் வந்து துடைத்துவிடும். நான் 01;33, அதாவது மஞ்சள் வைத்திருக்கிறேன். 01;36 இன்னும் அழகுதான், ஆனால் அது ஏற்கெனவே, வேறொரு கோப்பைச் சுட்டும் சிம்லிங்க்கின் நிறம்.