ஏழாம் வாய்ப்பாட்டோடு மலை ஏறுவது எப்படி

குன்னூர் பஸ் நிலையத்திலிருந்து பெட்ஃபோர்டு வழியாகச் சிம்ஸ் பூங்காவுக்கு ஏறும் சாலையில் பள்ளிப் பிள்ளைகளை வருடக்கணக்கில் ஓடவிட்டவள் நான். போன மாதம் வந்திருந்த என் தம்பி மகன், "கோவை ரேஸ்கோர்ஸில் தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன், அத்தை" என்று சொல்லிவிட்டு விருட்டென்று பாய்ந்தான். இரண்டாவது வளைவிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

அவனிடம் தெம்பு இருந்தது, செலவழிக்கத்தான் தெரியவில்லை. தசை சுருங்குவதற்கு ஏடிபி என்ற மூலக்கூறு வேண்டும். கையிருப்பு ஓரிரு விநாடிக்குத்தான் வரும். தசையிலேயே சேர்த்துவைத்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற பொருள் அதை உடனுக்குடன் நிரப்பும். முழு வேகத்தில் அதுவும் பத்து விநாடியில் வற்றிவிடும். அடுத்து, தசை ஆக்சிஜனுக்குக் காத்திராமல் சர்க்கரையை உடைக்கிறது. வேகமான வழி, ஆனால் ஊதாரித்தனம்: ஒரு குளுக்கோஸுக்கு இரண்டே ஏடிபி. ஆக்சிஜனோடு முழுவதும் எரித்தால் ஏறத்தாழ முப்பது கிடைக்கும். அந்த ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்க இதயமும் நுரையீரலும் இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் பாய்ந்தால் ஊதாரிக் கணக்கில்தான் ஓட வேண்டும். குன்னூரின் உயரம் சுமார் 1,850 மீட்டர். கடல் மட்டத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் நான்கு பங்குதான் இங்கே கிடைக்கும்.

ஆகவே முதல் பத்து நிமிடம் நடையாக நடங்கள். பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். கூட்டும்போது ஏழாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லுங்கள். "ஈரேழு பதினான்கு, மூவேழு இருபத்தொன்று" என்று இரண்டு வரி ஒரே மூச்சில் வந்தால் வேகம் சரி. "மூவேழு"வில் மூச்சு அறுந்தால் உடனே நடைக்கு இறங்குங்கள். சட்டென்று உட்காராதீர்கள். செங்குத்தான இடத்தில் பாய்ந்து ஓடிப் பழக விரும்புகிறவர்கள் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் இடையில் மூன்று நிமிடமாவது மெதுவாக நடக்க வேண்டும். கிரியேட்டின் பாஸ்பேட் திரும்பச் சேர அவ்வளவு நேரமாகும்.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் அதைப்போல் மூன்று நான்கு மடங்கும் கிளைகோஜன், அதாவது உடல் சேமித்துவைத்த சர்க்கரை, இருக்கிறது. அரைமணி ஏற்றத்துக்கு அதுவே தாராளம். குளுக்கோஸ் தண்ணீர் வீண்செலவு. கிளம்பும் முன் வர்க்கியும் டீயும் மட்டும் வேண்டாம். வர்க்கியில் உள்ள கொழுப்பு மெதுவாகத்தான் செரிக்கும், ஏற்றத்தில் வயிறு கனக்கும். எனக்கும் வர்க்கி பிடிக்கும். பூங்கா வாசலைத் தொட்டு, திரும்பி வந்தபின் சாப்பிடுவேன்.

செலவாகும் ஆற்றலில் முக்கால் பங்கு வெப்பமாகப் போகிறது. பனிமூட்டமாக இருந்தாலும் ஸ்வெட்டரைக் கீழேயே கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள்; மேலே போய் நின்றதும் போட்டுக்கொள்ளுங்கள். வியர்வையில் நனைந்த ஸ்வெட்டர் குளிரைத் தாங்காது.

இறக்கத்தில் எடுத்துவைக்கும் அடியைக் குட்டையாக்குங்கள். மறுநாள் தொடை வலித்தால், ஆக்சிஜனுக்குக் காத்திராமல் சர்க்கரையை உடைக்கும்போது உண்டாகும் லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்பார்கள். அது ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதயமே அதை எரித்துப் பயன்படுத்திக்கொள்ளும். இறங்கும்போது பாரத்தைத் தாங்கிக்கொண்டே தொடைத்தசை நீள்கிறது, அதில் ஏற்படும் நுண்ணிய சிதைவுதான் வலி.

தம்பி மகன் மறுநாள் காலை வாய்ப்பாட்டோடு ஏறினான். ஆறேழு வந்ததும் நின்றான். மூச்சு வாங்கவில்லை, விடை மறந்துவிட்டது.