உச்சிக்காலத்துக்கு முன் எந்த அலுவலகத்துக்கும் போகாதீர்கள்

திருவானைக்காவலில் அகிலாண்டேசுவரியைத் தரிசிக்க வருகிறவர்கள், விமானச் சீட்டு எடுக்கும்போதே காவிரியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படும். கோடையில் வந்தால், ஸ்ரீரங்கத்துக் காவிரிக்கரையில் இருக்கும் அம்மா மண்டபப் படித்துறையில் மணலைத்தான் பார்க்க நேரும். ஆடி வெள்ளிகளில் கூட்டம் நெரியும்.

அம்மை காவிரி நீரைத் திரட்டி லிங்கமாக்கி வழிபட்ட தலம் என்பதால், உச்சிக்காலத்தில் அர்ச்சகர் புடவை உடுத்தி, கிரீடம் சூடி, மேளதாளத்துடன் அம்மன் சந்நிதியிலிருந்து புறப்பட்டு, நீர் ஊறும் கருவறையில் சுவாமிக்குப் பூசை செய்வார். டொராண்டோவில் என்னுடன் இருக்கும், முழங்கால் வலியால் இனிப் பயணம் செய்ய இயலாத அம்மா, தன் சார்பில் பார்த்துவரச் சொன்னது இது ஒன்றைத்தான்.

சித்தப்பாவோ, "ஒரு கையெழுத்துதான், பத்து மணிக்கு டோக்கன், பதினொன்றுக்குக் கோயிலில் இருக்கலாம்" என்றார். பூர்வீக வீட்டில் என் பங்கை விட்டுக்கொடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டிய விடுதலைப் பத்திரம் அது. தாய்ப்பத்திரத்தில் அப்பாவின் பெயர் தலைப்பெழுத்துடன் இருக்கிறது. என் கனடியக் கடவுச்சீட்டிலோ அதுவே விரிந்து குடும்பப் பெயராகிவிட்டது. மகன் நான்தான் என்பதை அந்தச் சார்பதிவாளர் அலுவலகம் ஏற்கவில்லை. வாரிசுச் சான்றிதழைக் காட்டினேன். அதில் எழுத்துக்கூட்டல் வேறு. நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கி வந்தபோது உணவு இடைவேளை. கையெழுத்திட்டு வெளியே வந்தபோது மணி மூன்று. கோயில் நடை சாத்தி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஆகவே பெயர் வேறுபாட்டுக்கான உறுதிமொழிப் பத்திரத்தை முதல் நாளே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குரிய நாளில் வேறெதையும் ஏற்காதீர்கள், கேட்பவர் பெற்ற தகப்பனின் தம்பியாகவே இருந்தாலும். இத்தனை ஆண்டும் அந்த வீட்டுக்கு வரி கட்டியவர் அவர்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆட்டோவில் அவரிடம் நான் கத்தியபோது அது நினைவுக்கு வரவில்லை.

மாலையில் அம்மன் சந்நிதிக்குப் போனேன். அம்மனின் உக்கிரம் தணியச் சங்கரர் அணிவித்ததாகச் சொல்லப்படும் தாடங்கங்கள் என்னும் காதணிகள் தீப ஒளியில் மின்னின.

மறுநாள் காலை பத்து மணிக்கு விமானம். விடியலில் அம்மா மண்டபத்தில் அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்ய அமர்ந்தேன். மூன்று தலைமுறைப் பெயர்களை வீட்டிலேயே எழுதி எடுத்துச் செல்லுங்கள். புரோகிதர் கொள்ளுத்தாத்தாவின் பெயரைக் கேட்டதும் எனக்கு வாயில் வரவில்லை. ஈரக் கையோடு சித்தப்பாவை அழைத்தேன், தூக்கம் கலையாத குரலில் பெயரைச் சொல்லிவிட்டு, "தண்ணி ஓடுதாடா?" என்று கேட்டார்.