நாய்ச் சொறிக்கு ஒயில் பூசாதீர்கள்

மாரி முடியும் நேரம் எங்கள் ஜிம்மிக்குக் காதோரத்தில் மயிர் கொட்டத் தொடங்கியது. "பழைய எஞ்சின் ஒயில் பூசு தம்பி, மூன்று நாளில் நிற்கும்" என்று ஒழுங்கையில் கண்டவர்கள் எல்லாம் சொன்னார்கள். நானும் பூசினேன். இரவிரவாக அது ஒயிலை நக்கியிருக்கிறது. விடியப் பார்த்தால் கிணற்றடியில் சத்தி எடுத்தபடி கிடந்தது. ஒயில் தோல் வழியாகவும் நாக்கு வழியாகவும் உள்ளே போகும், ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று மிருக வைத்தியர் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. மண்ணெண்ணெயும் அப்படித்தான். தோலை எரித்துவிடும்.

பெரிய தவறு என்னவென்றால், சொறியை ஒரே நோயாக நினைப்பதுதான். காதின் விளிம்பு, முழங்கை, வயிற்றுப் பக்கம் என்று மயிர் கொட்டி, நாய் நித்திரை இல்லாமல் சொறிந்தால் அது பெரும்பாலும் சிரங்குப் பூச்சி. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சி தோலுக்குள் துளைத்துப் போய் முட்டையிடும், மற்ற நாய்களுக்கும் தொற்றும். நாயைத் தூக்குகிறவரின் கையிலும் கொஞ்ச நாள் கடி, அதாவது அரிப்பு, இருக்கும். குட்டியின் கண்ணைச் சுற்றி, அதிகம் சொறியாமலே மயிர் போனால் அது வேறு பூச்சியாக இருக்கலாம். அது பிறந்த சில நாட்களில் தாயிடமிருந்து வருவது, மயிர்க்காலில் இருப்பது, மற்றவர்களுக்குத் தொற்றாது. வாலடியில் மட்டும் கடித்துக் கடித்துப் புண்ணாக்கினால் தெள்ளைத் தேடுங்கள். வட்டமாக மயிர் போனால் படர்தாமரையாகவும் இருக்கலாம், அது மனிதருக்கும் வரும். நான்குக்கும் ஒரே மருந்து கிடையாது.

தெள்ளை வீட்டிலேயே பார்க்கலாம். மெல்லிய பல் சீப்பால் வாலடியைச் சீவி, விழுவதை நனைத்த வெள்ளைக் கடதாசியில் தட்டுங்கள். கறுப்புத் தூள் கரைந்து சிவப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது உங்கள் நாயின் இரத்தம். அப்புறம் நாயை மட்டும் கழுவிவிட்டு இருந்துவிடாதீர்கள். வளர்ந்த தெள்ளுத்தான் நாயில் இருக்கிறது. முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் அது படுக்கும் சாக்கிலும், விறாந்தை மூலையிலும், முற்றத்து நிழல் மண்ணிலும் கிடக்கும். சாக்கை எரித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், பாயைச் சுடுதண்ணீரில் அவித்து வெயிலில் காயவிடுங்கள்.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து ஊசியை நாய்க்குப் போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அதில் ஒரு மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் மருந்து இருக்கும். சிறு நாய்க்கு ஒரு சொட்டுக் கூடினாலே ஆபத்து. கொலி என்ற நாய் இனத்திலும் அதன் கலப்பிலும் அந்த மருந்து மூளைக்குள் போய் நாய் தள்ளாடி மயங்கிவிடலாம். மனிதருக்குத் தந்த ஸ்டெரொயிட் கிறீமும் வேண்டாம். ஒன்றிரண்டு நாள் கடி அடங்கும், பிறகு பூச்சியும் பூஞ்சணமும் இன்னும் பெருகும்.

எங்கள் குளியல் சவர்க்காரமும் ஒத்துவராது. மனிதத் தோலின் பி.எச்., அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண், 5.5 அளவு, நாயின் தோல் 7ஐ ஒட்டியது. அடிக்கடி போட்டால் தோல் வறண்டு கடி கூடும். வைத்தியர் தந்த ஷாம்பு என்றால் நுரையைப் பத்து நிமிடம் விட்டுத்தான் கழுவ வேண்டும். உடனே ஊற்றிவிட்டால் காசுக்குத்தான் நட்டம்.

கடி நின்றதும் மருந்தையும் நிறுத்திவிடுகிறோம். சிரங்குப் பூச்சி முட்டையிலிருந்து வளர்ந்து மறுபடி முட்டையிட மூன்று கிழமை அளவு எடுக்கும். வைத்தியர் சொன்ன நாள்வரை போடாவிட்டால் பழைய கதைதான். வீட்டில் இரண்டு நாய் என்றால் இரண்டுக்கும் ஒன்றாகப் போட வேண்டும். ஜிம்மிக்கு மயிர் மூட இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

இன்னொன்று, வைத்தியரிடம் கொண்டுபோகும் நாளில் குளிப்பாட்டாதீர்கள். அவர் தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். எண்ணெயும் மஞ்சளும் அப்பிக் கொண்டுபோனால் பார்ப்பது கடினம். எப்போது தொடங்கியது, என்ன பூசினீர்கள், வீட்டில் யாருக்கும் கடிக்கிறதா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஒயில் பூசியிருந்தால் அதையும்தான்.