உதட்டில் குறுகுறுப்பா? கொப்புளம் வரும் முன்பே செய்ய வேண்டியவை

உதட்டு ஓரத்தில் லேசான குறுகுறுப்பு. கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் அதே இடத்தில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கொத்தாக நிற்கும். எனக்கு வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை இப்படி வருவதுண்டு. உடம்புச் சூடு என்று நினைத்து விட்டுவிடுவேன். கொப்புளம் உடைந்து எரியும்போதுதான் மருந்து தேடுவேன், அதற்குள் பாதி நேரம் போயிருக்கும். முதல் முறை வந்து பயந்துபோய் இருப்பவர்களுக்காக இதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: எந்தப் புண் என்று பாருங்கள்

கன்னத்தின் உட்பக்கமோ நாக்கிலோ வருகிற வெள்ளை வாய்ப்புண் வேறு. அது யாருக்கும் ஒட்டாது. வாயின் இரண்டு ஓரத்திலும் தோல் வெடிப்பதும் வேறு. நாம் பேசுவது உதட்டின் வெளி விளிம்பில் கொத்தாக எழும்பி, உடைந்து, நீர் கசிந்து, பொருக்கு கட்டி ஆறும் கொப்புளம். பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் தழும்பில்லாமல் ஆறிவிடும்.

இதற்குக் காரணம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸின் முதல் வகை. உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய 380 கோடி பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. பலருக்குச் சிறுவயதிலேயே தொற்றியிருக்கும், தெரிந்தே இருக்காது. அதனால் வெட்கப்பட வேண்டிய நோய் என்று நினைக்காதீர்கள். ஹெர்பிஸ் என்ற பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

ஒருமுறை வந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முகத்து நரம்பின் வழியே உள்ளே போய், நரம்புச் செல்களில் தூங்கிக் கிடக்கும். காய்ச்சல், கடும் வெயில், தூக்கமின்மை, மனஅழுத்தம், மாதவிடாய், உதட்டுக் காயம் இவற்றில் ஏதாவது ஒன்று அதை எழுப்பிவிடும். அது வந்த நரம்பு வழியாகவே திரும்பி வருவதால்தான் ஏறக்குறைய அதே இடத்தில் கொப்புளம் வருகிறது. நிரந்தரமாகக் குணமாக்குகிறோம் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

படி 2: குறுகுறுத்த அன்றே மருந்து

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். அசைக்ளோவிர் போன்ற மருந்துகள் வைரஸ் பெருகுவதைத்தான் தடுக்கின்றன, ஏற்கெனவே வெடித்த புண்ணை ஆற்றுவதில்லை. வைரஸ் மும்முரமாகப் பெருகுவது முதல் ஒன்றிரண்டு நாளில். அதனால் அரிப்போ எரிச்சலோ தெரிந்த உடனே தடவினால்தான் பலன்.

ஐந்து சதவீத அசைக்ளோவிர் க்ரீமை விழித்திருக்கும் நேரத்தில் சுமார் நான்கு மணி நேர இடைவெளியில், நாளுக்கு ஐந்து தடவை, நான்கைந்து நாள் மெல்லியதாகத் தடவ வேண்டும். அதிசயம் எதிர்பார்க்காதீர்கள், ஆறும் காலம் கொஞ்சம்தான் குறையும். அடிக்கடி வருபவர்களுக்கும் கடுமையாக வருபவர்களுக்கும் மாத்திரை நன்றாகக் கேட்கும். அதை மருத்துவர் எழுதித்தான் வாங்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அளவு மாறும். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு களிம்பை மட்டும் நீங்களாகப் போடாதீர்கள், தொற்று மோசமாகலாம்.

படி 3: வலியைக் குறையுங்கள்

சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துச் சில நிமிடம் வையுங்கள். பொருக்கு கட்டியதும் பஞ்சுக் குச்சியால் கொஞ்சம் வாசலின் தடவினால் வெடிக்காது. வலி அதிகமென்றால் பாராசிட்டமால். புளிப்பு, உப்பு, காரம் சில நாள் வேண்டாம். பிய்க்காதீர்கள், அவ்வளவுதான்.

படி 4: மற்றவருக்குப் போகாமல் பாருங்கள்

கொப்புளத்து நீரில்தான் வைரஸ் அதிகம். குறுகுறுப்பு தொடங்கியதிலிருந்து தோல் முழுதாக மூடும் வரை முத்தம் வேண்டாம். டம்ளர், ஸ்பூன், துண்டு, லிப் பாம், ஷேவிங் ரேசர் எதையும் பகிராதீர்கள். வாய்வழி உறவையும் தவிர்க்க வேண்டும். பிறப்புறுப்பிலும் இதே தொற்று வரும். புண் இல்லாத நாளிலும் எச்சிலில் வைரஸ் சில சமயம் இருக்கும், ஆனால் புண் இருக்கும்போது ஆபத்து பல மடங்கு. புண்ணைத் தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். கழுவாத கையோடு கண்ணைத் தொடவோ, கான்டாக்ட் லென்ஸ் போடவோ கூடாது.

பச்சிளம் குழந்தை இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு இந்த வைரஸ் மூளை வரை பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். கொஞ்ச ஆசையாகத்தான் இருக்கும், ஆனாலும் உதட்டில் புண்ணோடு குழந்தையை முத்தமிட வேண்டாம். தாய்க்கே வந்தால் கை கழுவி, புண்ணை மூடிக்கொண்டு பால் கொடுக்கலாம், மார்பில் புண் இல்லாதவரை.

படி 5: எப்போது மருத்துவர்?

கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் கூசினால், அன்றே போங்கள். பார்வையையே பாதிக்கக்கூடியது அது. இரண்டு வாரம் ஆகியும் ஆறாவிட்டாலும், எக்ஸிமா என்ற அரிப்புத் தோல் நோய் உள்ள தோலில் பரவினாலும், புற்றுநோய் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தாலும் காத்திருக்க வேண்டாம். முதல் தொற்றில் குழந்தைகளுக்கு வாய் முழுக்கப் புண்ணாகித் தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் போகும், அதற்கும் தாமதிக்காதீர்கள்.

படி 6: எது எழுப்புகிறது என்று குறித்து வையுங்கள்

ஒவ்வொரு தடவையும் அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாளில் என்ன நடந்தது என்று எழுதிப் பாருங்கள். எனக்குப் பெரும்பாலும் வெயில். வெயிலைத் தடுக்கும் எஸ்.பி.எஃப் 30 உள்ள லிப் பாம் போட ஆரம்பித்த பிறகு குறைந்திருக்கிறது. காய்ச்சலோடு வருவதை மட்டும் தடுக்க முடியவில்லை. அதற்காகத்தான் க்ரீம் எப்போதும் பைக்குள்ளேயே இருக்கிறது.