கழித்தல் கணக்கில் தொடங்கும் பயணம்: பெங்களூரிலிருந்து இலங்கைக்குப் பறவை பார்க்கச் செல்வோருக்கான செய்முறை

பெங்களூரிலிருந்து கேரளத்தின் தட்டேக்காடு பறவைச் சரணாலயத்துக்கு இரவுப் பேருந்தில் போய்ச் சேரும் நேரத்தில் கால் பங்குகூட ஆகாது, நேரடி விமானத்தில் கொழும்புக்குப் போய் இறங்க. லால்பாக்கிலும் ரங்கன்திட்டிலும் பழகிய கண்ணோடு முதன்முறை வெளிநாட்டுக்குப் பறவை பார்க்கக் கிளம்புவோருக்கு இலங்கையைப் பரிந்துரைக்க இந்த அருகாமை ஒன்றே போதுமான காரணம். ஆனால் அருகில் இருப்பதாலேயே திட்டமிடாமல் போய் ஏமாந்து திரும்புவோரும் உண்டு. நானும் அப்படித் திரும்பியவன்தான். முதல் பயணத்தில் ஒரு பயண நிறுவனம் கொடுத்த அட்டவணையை அப்படியே ஏற்று ஐந்து நாளில் ஆறு ஊர்களைப் பார்த்தேன். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஹெசரகட்டா ஏரிக்கரையில் ஞாயிறுதோறும் பார்க்கும் பறவைகளே என்பது வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் உறைத்தது. இரண்டாம் பயணத்துக்கு நான் கடைப்பிடித்த முறையைக் கீழே வரிசையாகத் தருகிறேன்.

படி 1: பட்டியலைக் கழியுங்கள்

இலங்கையும் தென்னிந்தியாவும் பறவைகளில் நெருங்கிய உறவுக்காரர்கள். நீர்க்காகம், நாரை, மீன்கொத்தி, பஞ்சுருட்டான் என்று அங்கே சமவெளியில் கண்ணில் படுவனவற்றில் பெரும்பகுதி நம் ஏரிகளிலும் உண்டு. இலங்கையின் பெயரைத் தாங்கிய தவளைவாயன்கூட மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழ்கிறது, தீக்காக்கையும் அப்படியே. எனவே முதலில் எழுதவேண்டியது அங்கே என்னென்ன உண்டு என்ற பட்டியலை அல்ல, இங்கே எவை இல்லை என்ற பட்டியலை. அந்தத் தீவில் மட்டுமே வாழும் பறவையினங்கள் ஏறத்தாழ 34. வகைப்பாட்டு அறிஞர்களின் கருத்துக்கேற்ப இந்த எண் சற்று முன்பின்னாகும்.

இந்தக் கழித்தலைக் கையால் செய்யத் தேவையில்லை. கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் ஈ-பேர்ட் தளத்தில் கணக்குத் தொடங்கி, நீங்கள் இதுவரை பார்த்த பறவைகளைப் பதிவு செய்துவிட்டால், இலக்குப் பறவைகள் என்ற பகுதியில் நாட்டையும் மாதத்தையும் தேர்ந்ததும் நீங்கள் இன்னும் பார்க்காத பறவைகளை, அவை அந்த மாதத்தில் எவ்வளவு அடிக்கடி பதிவாகின்றன என்ற விழுக்காட்டோடு அதுவே வரிசைப்படுத்தித் தரும். பழைய குறிப்பேடுகளை ஏற்ற இரண்டு மூன்று மாலைகள் ஆகலாம். அந்த உழைப்பைச் சுருக்கிக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் மற்ற எல்லா முடிவுகளும் இந்தப் பட்டியலிலிருந்தே பிறக்கின்றன.

விலங்குகளுக்கும் இதே கணக்குதான். யானைக்காக இலங்கை போகவேண்டும் என்ற கட்டாயம் கபினிக்கும் பந்திப்பூருக்கும் போய்வரும் நமக்கு இல்லை. சிறுத்தையின் கதை வேறு. புலியோ சிங்கமோ இல்லாத தீவில் அதுவே தலைமை வேட்டையாடி என்பதால், யால தேசியப் பூங்காவில் அது பகலிலும் பாறைமீது படுத்திருப்பதைக் காண வாய்ப்பு அதிகம். ஆனால் யாலவைச் சேர்த்தால் காட்டில் இருக்கும் இரவுகளில் இரண்டு குறையும். முதல் பயணத்தில் சிறுத்தையா பறவையா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நான் பறவை என்றே எடுத்துக்கொண்டு மேலே செல்கிறேன்.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

இலங்கைக்கு இரண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை தீவின் தென்மேற்கிலுள்ள ஈரவலயத்தை நனைக்கிறது. அக்டோபர், நவம்பரில் பருவங்களுக்கு இடைப்பட்ட மழையும், பிறகு வடகிழக்குப் பருவமழையும் வருகின்றன. தீவுக்கே உரிய பறவைகளில் பல, தென்மேற்கில் உள்ள ஈரக் காடுகளில்தான் இருக்கின்றன. வலசை வரும் பறவைகளோ அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை தங்குகின்றன. காடு ஓரளவு காய்ந்திருக்கவும் வேண்டும், வலசைப் பறவைகளும் இருக்கவேண்டும் என்றால், ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் இறுதிவரை உள்ள இடைவெளியே மிஞ்சுகிறது. பொங்கல் விடுமுறையோடு சேர்த்துப் போகும் ஆசை நம் எல்லாருக்கும் இருக்கும். பிள்ளைகளுக்குத் தேர்வு தொடங்கும் முன் பிப்ரவரி முதல் பாதியில் போவது அதைவிடப் பாதுகாப்பான தேர்வு என்பது என் கருத்து.

தேதியை உறுதி செய்யும்முன் அந்நாட்டு நாட்காட்டியையும் பாருங்கள். ஒவ்வொரு முழுமதி நாளும் அங்கே போயா விடுமுறை. அது வார இறுதியை ஒட்டி வந்தால் பூங்காக்களில் ஜீப்புகள் நெருக்கும். டிசம்பரிலிருந்து மே வரை சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம் என்பதால் அட்டன் பக்கச் சாலைகளில் நெரிசல் இருக்கும். ஏப்ரல் புத்தாண்டை ஒட்டி நுவரெலியாவில் அறை கிடைப்பது கடினம்.

படி 3: ஊர்களைக் குறைத்து இரவுகளைக் கூட்டுங்கள்

திட்டத்தின் உயிர்நாடி இந்தப் படியே. ஏழு இரவுகளை நான் பிரித்த விதம் இது: சிங்கராஜ வனத்தின் விளிம்பில் மூன்று, உடவளவை தேசியப் பூங்கா அருகே ஒன்று, நுவரெலியாவில் இரண்டு, விமான நிலையத்துக்கு அருகில் நீர்கொழும்பில் ஒன்று. கேட்பவர்கள் எல்லாரும் சிங்கராஜவுக்கு எதற்கு மூன்று இரவு என்றுதான் கேட்கிறார்கள்.

1988-இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த இந்த மழைக்காட்டில் பறவைகள் சீராகப் பரவியிருப்பதில்லை. மணிக்கணக்கில் நடந்தும் இலைகளிலிருந்து சொட்டும் நீரைத் தவிர எதுவும் கேட்காத நேரம் உண்டு. திடீரென்று செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்களின் சலசலப்பு கேட்கும். அவற்றோடு கொண்டைக் கரிச்சான் ஒன்று, வேறு பறவைகளின் குரலைப் போலிசெய்தபடி வரும். சிலம்பன்கள் இலைகளைக் கலைத்துப் பூச்சிகளைக் கிளப்ப, கரிச்சான் அவற்றைப் பறந்து பிடித்துக்கொண்டே வல்லூறு வந்தால் எச்சரிக்கைக் குரலும் கொடுக்க, இந்த இரண்டையும் நம்பிப் பல இனங்கள் ஒரே கூட்டமாகக் காட்டைக் கடந்து போகும். செம்முகப் பூங்குயில் மேல் கிளைகளிலும், நீல உடலும் செங்கபிலத் தலையும் சிவந்த அலகும் கொண்ட இலங்கை நீல வால்காக்கை நடு உயரத்திலும், சில வேளைகளில் காட்டுக்கோழி தரையிலுமாக வருவதால், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் திணறுவோம். அடுத்த சில நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிடும். இந்தக் கூட்டம் உங்கள் பாதையைக் கடப்பது ஒரு நாளில் ஒருமுறையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். என் முதல் பயணத்தில் இருந்த ஒரே காலை மழையில் போனது. கூட்டத்தின் சத்தம் முப்பது அடி தள்ளிக் காட்டுக்குள்ளேயே கடந்து போனதைக் கேட்டுக்கொண்டு குடைக்கடியில் நின்றேன். மூன்று இரவு தங்கினால் ஒரு காலையை மழைக்குக் கொடுத்தாலும் இழப்பில்லை.

இரவில் தேடவேண்டியதும் ஒன்று உண்டு. 1995-இல் குரல் மட்டும் கேட்கப்பட்டு, 2001-இல் நேரில் காணப்பட்டு, 2004-இல் முறைப்படி புதிய இனமாக விவரிக்கப்பட்ட செரண்டிப் சிற்றாந்தை இந்த ஈரக் காடுகளுக்கே உரியது. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் அதைத் தேடிப் பயனில்லை.

படி 4: வழிகாட்டியையும் வண்டியையும் தனித்தனியே பேசுங்கள்

சிங்கராஜவுக்குள் வழிகாட்டி இன்றிச் செல்ல அனுமதி இல்லை. நுழைவாயிலில் அமர்த்தப்படுபவர் எல்லாரும் பறவை நோக்குபவர்களாக இருக்கமாட்டார்கள் என்பதால், தங்கும் விடுதிக்கு முன்கூட்டியே எழுதிப் பறவைகள் தெரிந்த ஒருவரை அமர்த்தித் தருமாறு கேளுங்கள். உங்கள் இலக்குப் பட்டியலையும் கூடவே அனுப்புங்கள். குரலைப் பதிவுக் கருவியில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்க வேண்டாம் என்றும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. வண்டிக்கு நாள் வாடகை, ஓட்டுநரின் தங்கும் செலவு, கிலோமீட்டர் வரம்பு ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். மலைச்சாலைகளில் தூரத்தைப் பார்த்து நேரத்தைக் கணிக்காதீர்கள்.

படி 5: ஆவணங்கள்

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கவேண்டும். நுழைவு அனுமதி விதிகள் அண்மை ஆண்டுகளில் பலமுறை மாறியுள்ளதால், இலங்கை அரசின் குடிவரவுத் தளத்தை மட்டுமே பாருங்கள்; அதைப்போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வரும். விலையுயர்ந்த கேமராவும் லென்சும் கொண்டு செல்வோர், திரும்பும்போது சுங்கத்தில் கேள்வி எழாமலிருக்க, புறப்படும் அன்றே தேவனஹள்ளி விமான நிலையச் சுங்க அலுவலரிடம் அவற்றைக் காட்டி ஏற்றுமதிச் சான்று பெறலாம். அதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

படி 6: பைனாகுலரும் அட்டைக் காலுறையும்

பைனாகுலரில் 8×42 என்று எழுதியிருந்தால், எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். பின்னதை முன்னதால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 8×42-இல் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், 10×42-இல் 4-க்குச் சற்று மேல். ஏரிக்கரை வெயிலில் இந்த வேறுபாடு தெரியாது. மழைக்காட்டின் மங்கலில் தெரியும். அதோடு எட்டு மடங்குக் கருவியின் பார்வைப்பரப்பு பொதுவாக அகலம் என்பதால் கலவைக் கூட்டத்தைத் தொடர்வதும் எளிது. புதிதாக வாங்குவோர் லால்பாக்கில் நான்கு ஞாயிறுகளாவது அதோடு பழகிவிட்டுக் கிளம்புங்கள். பறவைகளை இனங்காண உதவும் மெர்லின் செயலியில் இலங்கைக்கான தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வையுங்கள், காட்டில் சிக்னலை நம்ப முடியாது.

அட்டைக் காலுறை என்பது ரத்தம் உறிஞ்சும் அட்டைகள் காலில் ஏறாமலிருக்க அணியும், முழங்கால்வரை வரும் நெருக்கமான நெசவுத் துணிப்பை. காற்சட்டையை உள்ளே விட்டு மேலே நாடாவால் இறுக்கிவிட வேண்டும். குடகில் உப்புப் பொட்டலத்தோடு நடந்து பழகியவர்களும் இதை ஒருமுறை அணிந்தால் உப்பை மறந்துவிடுவார்கள்.

நுவரெலியாவில் தங்கிப் போய்வரும் ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீட்டருக்கு மேலே உள்ளதால் விடியலில் கடுங்குளிர் இருக்கும். நம் சீகாரப் பூங்குருவியின் உறவான இலங்கைச் சீகாரப் பூங்குருவியைக் காண அந்த விடியலில்தான் குளத்தோரம் நிற்கவேண்டும். பெங்களூர் டிசம்பருக்கு வாங்கிய மெல்லிய ஸ்வெட்டர் அங்கே போதவில்லை.

படி 7: தமிழில் கேளுங்கள்

நுவரெலியாவின் விக்டோரியா பூங்கா ஊர் நடுவே இருக்கிறது. காஷ்மீர் ஈப்பிடிப்பான் இமயத்திலிருந்து வந்து குளிர்காலத்தைக் கழிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே ஒரு மாலை நான் செயலியைக் கையில் வைத்துக்கொண்டு பித்தா என்ற பறவையைத் தேடிக்கொண்டிருந்தேன். இலைகளைப் பெருக்கிக்கொண்டிருந்த மலையகத் தமிழ்ப் பெரியவர் ஒருவர் என்ன தேடுகிறீர்கள் என்று விசாரித்தார். ஆங்கிலப் பெயரையும் நிறத்தையும் சொல்லிப் பார்த்தேன், பிடிபடவில்லை. "ஆறுமணிக்குருவி" என்றேன். "அதுவா? அந்தக் கானுக்குப் பக்கத்துல சத்தம் போடாம நில்லுங்க ஐயா, வரும்" என்றார். கான் என்றால் தோட்டத்துத் தமிழில் வடிகால். கழிவுநீர் ஓடும் அந்த வடிகாலோரம், ஈர இலைகளைப் புரட்டியபடி பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக அது தத்திக்கொண்டிருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்: ஆறு அடிக்க எட்டு நிமிடம்.

கடைசி இரவை நீர்கொழும்பில் வைத்ததற்குக் காரணம், மறுநாள் காலை முத்துராஜவெல சதுப்பில் படகில் போய்வந்தும் பிற்பகல் விமானத்தைப் பிடித்துவிடலாம் என்பதே. இறகு, சிப்பி, விதை எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். அட்டைக் காலுறையை மட்டும் உள்வெளியாகத் திருப்பி நன்றாக உதறிவிட்டு மடியுங்கள். என்னுடையதில் இருந்த ஒன்று அல்சூர் வீட்டுக் குளியலறைவரை வந்துவிட்டது.