ஒரே ஜிசெல், பல ஜோடிகள்: பாலே ஆடுவோரை ஒப்பிட்டு மதிப்பிடும் முறை

பாலே ரசிகர்கள் சந்தித்துக்கொண்டால், பேச்சு வெகு சீக்கிரத்தில் ஆடுபவர்களிடம் வந்து சேர்ந்துவிடும். இந்தப் பாத்திரத்தை யாருக்குக் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்திருக்க வேண்டும், நேற்று ஆடியவர் எப்படி, நாளை ஆடப்போகிறவரை நம்பி நுழைவுச்சீட்டு வாங்கலாமா என்று அது நீண்டுகொண்டே போகும். இந்தப் பேச்சுக்குப் புதிதாக வருபவர், காலை எவ்வளவு உயரம் தூக்கினார், எத்தனை சுற்றுச் சுற்றினார் என்ற கணக்கோடு நின்றுவிடுவது இயல்பு. கண்ணுக்கு முதலில் படுவது அதுதான். ஆனால் அந்தக் கணக்கைக் கொண்டு ஒரு முதன்மைப் பாத்திரத்தை மதிப்பிட முடியாது. ஆடுபவர் தொடக்கத்தில் எடுத்த முடிவுகள் கடைசிக் காட்சி வரை ஒன்றோடொன்று பொருந்தி வருகின்றனவா என்பதே மதிப்பீட்டின் மையமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதைக் கண்டுகொள்ளும் பழக்கம், ஒரே பாலேயை வெவ்வேறு ஜோடிகள் ஆடப் பார்ப்பதால்தான் வரும். ஒரே கீர்த்தனையைப் பல வித்வான்கள் பாடக் கேட்ட ரசிகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதற்கு ‘ஜிசெல்’லைவிடப் பொருத்தமான பாலே எனக்குத் தெரிந்து இல்லை. 1841 ஜூன் 28 அன்று பாரிஸ் ஓபராவில் கார்லோட்டா கிரிசி ஆட அரங்கேறிய இதை ஜான் கொராலியும் ஜூல் பெரோவும் அமைத்தார்கள். இசை அதோல்ஃப் அதாமுடையது. இன்று நாம் பார்க்கும் வடிவம் பெரும்பாலும் பீட்டர்ஸ்பர்கில் மாரியுஸ் பெத்திபாவின் கைபட்டு வந்தது. இரண்டே அங்கங்கள். முதல் அங்கத்தில் கிராமத்துப் பெண் ஜிசெல், குடியானவன் வேடத்தில் வரும் ஆல்பிரெக்ட் என்ற பிரபுவைக் காதலிக்கிறாள். அவளை விரும்பும் ஹிலேரியன் உண்மையை வெளிப்படுத்த, அவள் சித்தம் கலங்கி இறக்கிறாள். இரண்டாம் அங்கத்தில் அவள் விலிகளுள் ஒருத்தி. அதாவது, திருமணத்துக்கு முன் இறந்து, இரவில் கிடைக்கும் ஆண்களைச் சாகும்வரை ஆடவைக்கும் பெண்களின் ஆவிகளுள் ஒருத்தி. சதையும் ரத்தமுமான பெண்ணாகவும் எடையற்ற ஆவியாகவும் ஒருவரே ஒரே மாலையில் ஆட வேண்டியிருப்பதால், அவருடைய பலமும் குறையும் இதில் மறைவதற்கு இடமில்லை.

அரங்குக்குப் போவதற்கு முன், நீங்கள் பார்க்கப்போவது யாருடைய தயாரிப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். இதைச் செய்யாதவர்கள், தயாரிப்பாளரின் முடிவை ஆடுபவரின் முடிவாக எண்ணிப் பாராட்டவோ குறை சொல்லவோ நேர்கிறது. எடுத்துக்காட்டாக, ஜிசெல் எப்படி இறக்கிறாள் என்பதிலேயே தயாரிப்புகள் வேறுபடுகின்றன. சிலவற்றில் அவளுடைய பலவீனமான இதயம் நின்றுவிடுகிறது. லண்டன் ராயல் பாலே 1985 முதல் ஆடிவரும் பீட்டர் ரைட் தயாரிப்பில் அவள் ஆல்பிரெக்டின் வாளால் தன்னைக் குத்திக்கொள்கிறாள். அவளுடைய கல்லறை தேவாலயத்து மண்ணில் இல்லாமல் காட்டுக்குள் இருப்பதற்கும் அதுவே காரணமாகிறது. இந்த இரண்டு முடிவுகளுக்கும் ஆடுபவர் முதல் அங்கத்தை வெவ்வேறு விதமாகக் கட்டி எழுப்ப வேண்டும். நெஞ்சில் கைவைத்துத் தள்ளாடும் அந்தச் சிறு கணத்துக்கு ஒரு தயாரிப்பில் இருக்கும் எடை மற்றொன்றில் இருக்காது.

கூடவே பாலேயின் சைகை மொழியில் நான்கைந்து முத்திரைகளைத் தெரிந்துகொண்டால் போதும். மோதிர விரலைச் சுட்டினால் திருமணம். இரு விரல்களை உயர்த்தினால் சத்தியம். தலைக்கு மேல் கைகளை ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சுழற்றினால் ஆடு அல்லது ஆடுவோம். மூடிய முஷ்டிகளுடன் மணிக்கட்டுகளை முன்னால் குறுக்காக வைத்தால் மரணம். அபிநயத்துக்குப் பழகிய கண்ணுக்கு இவை விரைவில் பிடிபட்டுவிடும். (1903-இல் ஜிசெல் ஆடிய அன்னா பாவ்லோவாதான், பின்னாளில் ருக்மிணி தேவி அருண்டேலை நம் நடனத்தின் பக்கம் திரும்பச் சொன்னவர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.)

அடுத்தது ஆடுவோர் பட்டியல். ஒரு பெரிய குழு ஒரு பருவத்தில் இந்தப் பாலேயைப் பல மாலைகள் ஆடும்போது, முதன்மைப் பாத்திரங்களை மூன்று நான்கு ஜோடிகளோ அதற்கும் மேலோ பகிர்ந்துகொள்வார்கள். பெரும்பாலோர் ஜிசெல், ஆல்பிரெக்ட் ஆகிய இரண்டு பெயர்களை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டு வாங்குகிறார்கள். விலிகளின் அரசி மிர்த்தாவாக யார் ஆடுகிறார் என்பதை அவசியம் பாருங்கள். அவர் சரியில்லையென்றால் இரண்டாம் அங்கத்தில் ஆல்பிரெக்டுக்கு ஆபத்தே இல்லாமல் போய், ஜிசெல் யாரிடமிருந்து அவனைக் காப்பாற்றுகிறாள் என்பதே தெரியாமல் போகும்.

பாத்திரத் தேர்வைப் பற்றி ரசிகர்களிடையே ஊறிப்போன ஓர் எண்ணம் உண்டு. மெல்லிய உடலும் மென்மையான கைகளும் உடையவர் ஜிசெல்லுக்கு, உயரமும் வலுவான பாய்ச்சலும் உடையவர் மிர்த்தாவுக்கு என்று உடலைப் பார்த்தே பாத்திரத்தைப் பங்கிட்டுவிடும் எண்ணம் அது. இதை நான் ஏற்பதில்லை. நதாலியா ஓசிபோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். மாஸ்கோவின் போல்ஷாய் குழுவில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ‘டான் கிஹோட்டே’யின் கித்ரி, வேகமும் துணிச்சலும் பாய்ச்சலும் நிறைந்த பாத்திரம். அந்தக் கணக்குப்படி அவருக்கும் ஜிசெல்லுக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. ஆனால் அதே பாய்ச்சல்தான் இரண்டாம் அங்கத்தில் அவரைத் தரையோடு ஒட்டாத உயிராகக் காட்டுகிறது. அவருடைய ஜிசெல்லை நம் காலத்தின் தலைசிறந்த சிலவற்றுள் ஒன்றாக நான் வைக்கிறேன். ஆகவே பட்டியலில் எதிர்பாராத பெயர் இருந்தால், அந்த மாலையைத் தவிர்க்காமல் தேடிப் போய்ப் பாருங்கள்.

அறிவிக்கப்பட்டவருக்கு உடல்நலம் குன்றி, மாற்று ஆள் ஆடுகிறார் என்று கடைசி நேரத்தில் அறிவிப்பு வந்தாலும் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். 1943 நவம்பர் 2 அன்று நியூயார்க்கில் அலிசியா மார்கோவாவால் ஆட முடியாமல் போனபோது, அவருக்குப் பதிலாக ஏறியவர் கண்பார்வை மிகவும் குன்றியிருந்த அலிசியா அலோன்சோ. அந்த மாலைக்குப் பிறகு ஜிசெல் அவருடைய வாழ்நாள் பாத்திரமாயிற்று.

இனி ஆட்டத்தைப் பார்ப்பதற்கு வருவோம். முதல் அங்கத்துக்கு முகம் தெரியும் இடம் வேண்டும். இரண்டாம் அங்கத்துக்கு விலிகளின் வரிசைகள் முழுதாகத் தெரியும் மாடி இருக்கை வேண்டும். ஒரே பருவத்தில் இருமுறை பார்க்க முடிந்தால் ஒருமுறை கீழே, ஒருமுறை மேலே அமருங்கள்.

முதல் அங்கத்தில் என் கவனம் முழுவதும் செல்லும் இடம், பூவின் இதழ்களைக் கிள்ளும் காட்சி. ஆல்பிரெக்ட் இரு விரல்களை உயர்த்திச் சத்தியம் செய்ய முற்பட, ஜிசெல் அவன் கையைத் தாழ்த்திவிட்டு, காதலிக்கிறான், காதலிக்கவில்லை என்று இதழ்களை எண்ணத் தொடங்குகிறாள். கணக்கு எங்கே போய் முடியும் என்பது கண்ணில் பட்டதும் நின்றுவிடுகிறாள். அவன் பூவை வாங்கி, ரகசியமாக ஓர் இதழைப் பிய்த்துப் போட்டுவிட்டு, கணக்குச் சரியாக வருவதாகக் காட்டுகிறான். சில நொடிகளில் முடிந்துவிடும் இந்தக் காட்சியில், ஜிசெல் ஆடுபவர் கணக்கு தவறப்போவதை எந்த இதழில் கண்டுகொள்கிறார் என்று பாருங்கள். சிலர் சட்டென்று அதிர்ந்து பூவைப் போட்டுவிடுவார்கள். சிலரோ மீதியுள்ள இதழ்களைக் கண்ணாலேயே எண்ணி முடித்து, தோள் மெல்லத் தளர்ந்து, அதன் பிறகே கையைத் தாழ்த்துவார்கள். இரண்டாவது வகையில், இவள் நல்லதை நம்பத் துடிப்பவள், கெட்டதை முன்பே உணர்ந்துவிடுபவள் என்ற இரண்டும் ஒருசேரத் தெரிந்துவிடுகின்றன. பின்னால் சித்தம் கலங்கிய நிலையில், இல்லாத பூவின் இதழ்களை அவள் மீண்டும் கிள்ளும்போது, அதாம் அதே இசையைச் சிதைந்த வடிவில் திரும்பக் கொண்டுவருகிறார். முன்பு கைகள் என்ன செய்தன என்று கவனித்திருந்தவருக்குத்தான், இப்போது அவை எங்கே பிசகுகின்றன என்று தெரியும். அந்தக் கலக்கக் காட்சியை அலறலும் தலைவிரிகோலமுமாக மட்டும் ஆடுபவரை, எவ்வளவு கைதட்டல் கிடைத்தாலும், நான் உயர்வாக மதிப்பதில்லை.

பிரபுவுக்கு நிச்சயிக்கப்பட்ட பத்தில்ட் சீமாட்டி வந்து அமர்ந்ததும், ஜிசெல் பின்னாலிருந்து அவளுடைய பட்டு அங்கியின் ஓரத்தைத் தொட்டுப் பார்க்கும் இடமும் இப்படிப்பட்டதே. ஆசையா, துணியின் மேல் வியப்பா, பணக்காரியின் முன் கூச்சமா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். எதுவானாலும் அது பிறகு வரும் அதிர்ச்சிக்கு வழி வகுக்க வேண்டும்.

ஜிசெல்லின் தனி நடனத்தில், ஒரு காலின் நுனிவிரலில் நின்றபடியே மேடையின் குறுக்காகத் துள்ளிப் போகும் பகுதி எப்போதும் கைதட்டல் பெறும். 1841-இல் இல்லாத, பின்னாளில் சேர்க்கப்பட்ட நடனம் இது. கணுக்கால் உறுதியாக இருக்கிறதா என்பதை ஒரு பார்வையில் பார்த்துவிட்டு முகத்துக்குத் திரும்பிவிடுங்கள். அந்தத் துள்ளல்கள் அவையோருக்காக ஆடப்படுகின்றனவா, அம்மாவுக்கும் காதலனுக்கும் காட்டுவதற்காகவா என்பது முகத்திலும் தோள் திரும்பும் திசையிலும்தான் தெரியும்.

ஆல்பிரெக்டை மதிப்பிடும்போது முதலில் கேட்க வேண்டியது, இவன் தொடக்கத்தில் அவளை உண்மையாகக் காதலிக்கிறானா, விளையாடுகிறானா என்பதே. இரண்டுக்கும் இடமுண்டு. மிகைல் பாரிஷ்னிகோவ் அவனை உண்மையாகவே காதல்வயப்பட்ட இளைஞனாக ஆடினார். வேறு பலர், விளையாட்டாகத் தொடங்கி அவள் இறந்தபின் விழித்துக்கொள்ளும் சீமானாக ஆடுகிறார்கள். எந்த வழியும் தவறில்லை. வழியே இல்லாமல் அழகாக நின்று தூக்கிவிடுவது மட்டும்தான் தவறு. ஜோடிப் பொருத்தம் என்பது உயரமும் வயதும் ஒத்துப்போவதில் இல்லை. 1962 பிப்ரவரியில் மார்கோ ஃபான்டெய்னும் ருடால்ஃப் நூரெயெவும் முதன்முதலாகச் சேர்ந்து ஆடியது ‘ஜிசெல்’தான்; அப்போது அவருக்கு வயது 42, நூரெயெவுக்கு 23. அந்தச் சேர்க்கை பாலே வரலாற்றில் நிலைத்ததற்குக் காரணம், ஒருவர் ஆடுவதை மற்றவர் உற்றுக் கேட்பதுபோல ஆடியதே.

இரண்டாம் அங்கம் தொடங்கியதும் மிர்த்தா நுனிவிரலில் மிகச் சிறு அடிகள் வைத்து மேடையைக் கடப்பார். பாவாடைக்குக் கீழே கால்கள் நடுங்குவது தெரியாமல், மேல் உடல் அசையாமல் அவர் நழுவிச் சென்றால் அன்றைய மாலை நல்ல கையில் இருக்கிறது என்று நம்பலாம். பிறகு விலிகள் இரண்டு அணிகளாக, ஒரு காலைப் பின்னால் நீட்டிய அரபெஸ்க் நிலையில் ஒற்றைக் காலில் துள்ளியபடி ஒன்றையொன்று ஊடுருவிக் கடந்து செல்வார்கள். பின்னால் நீட்டிய கால்கள் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா, பாதங்கள் தரையில் படும் ஓசை எழுகிறதா என்பவை குழுவின் பயிற்சித் தரத்தைச் சொல்லிவிடும். இங்கே ஒரு காலடி ஓசை கேட்டாலும் ஆவி உலகம் கலைந்துவிடும்.

கல்லறையிலிருந்து எழும் ஜிசெல், மிர்த்தாவின் கட்டளைக்குச் சுழன்றுவிட்டு, பின்னர் வயோலா என்ற நரம்பிசைக் கருவியின் தனி இசைக்கு ஆல்பிரெக்டுடன் ஆடுகிறாள். அந்த நடனத்தின் தொடக்கத்தில் அவள் யாருடைய கையையும் பற்றாமல், ஒரு காலை மெல்லப் பக்கவாட்டில் விரித்து உயர்த்துவாள். இன்று பலரும் அதைக் காதருகே கொண்டுபோகிறார்கள். எனக்கு இது உடன்பாடில்லை. அந்தக் காலத்து நீண்ட மணி வடிவப் பாவாடைக்காக அமைக்கப்பட்ட அசைவு அது; கால் அளவுக்கு மீறி உயர்ந்தால் பாவாடை சரிந்து, ஆவியின் வடிவம் போய் உடற்பயிற்சியின் வடிவம் வந்துவிடுகிறது. உயரத்தைவிட, கால் எழுவது எப்போது தொடங்கியது என்றே தெரியாத அளவுக்கு அசைவு தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆல்பிரெக்ட் களைத்து வீழும் வரை ஆடும் இடத்தில், சிலர் நின்ற இடத்திலேயே மேலெழும்பிக் கால்களைப் பலமுறை குறுக்கிட்டு அடிக்கும் துள்ளல்களை அடுத்தடுத்துச் செய்வார்கள். சிலர் மிர்த்தாவை நோக்கிக் குறுக்காகப் பாய்ந்து போவார்கள். எண்ணிக்கையை அவையே சேர்ந்து எண்ணுமளவுக்கு முதல் வகை புகழ்பெற்றது. அந்தத் துள்ளல்கள் அவனை மீறி நடக்கின்றன என்று தோன்றினால் அது நாடகம்; சாதனையாகத் தோன்றினால் அது போட்டி மேடை.

அரங்குக்குப் போக வாய்ப்பில்லாதவர்கள் பதிவுகளைக் கொண்டே இந்தப் பயிற்சியைத் தொடங்கலாம். 1956-இல் போல்ஷாய் குழு லண்டன் வந்தபோது படமாக்கப்பட்ட கலினா உலானோவாவின் ஜிசெல்லில் தொடங்குங்கள். அப்போது அவருக்கு 46 வயது. முதல் அங்கத்தில் அவர் ஓடும் ஓட்டத்தைப் பாருங்கள். அந்த வயது எங்கும் தெரியாது. அடுத்து கார்லா ஃபிராச்சியும் எரிக் புரூனும் ஆடிய 1969-ஆம் ஆண்டுத் திரைப்படம். கேமரா ஆட்டத்துக்குள்ளேயே புகுந்துவிடுவதால் முகங்களை அதில் நன்றாகப் படிக்கலாம், ஆனால் நடனத்தின் முழு வடிவத்தை அதை வைத்து மதிப்பிடக் கூடாது. அதன்பின் ஒரே தயாரிப்பின் மூன்று ராயல் பாலே பதிவுகள்: அலினா கொஜொகாரு, யோஹான் கோபோர்க் ஜோடியின் 2006 பதிவு, ஓசிபோவா, கார்லோஸ் அகோஸ்தா ஜோடியின் 2014 பதிவு, மரியனெலா நூன்யெஸ், வதிம் முந்தகிரோவ் ஜோடியின் 2016 பதிவு. மேடையும் உடையும் அசைவும் மாறாததால், மாறுவதெல்லாம் ஆடுபவரின் முடிவுகள்தாம் என்பது தெளிவாகத் தெரியும். இம்மூவரில் கொஜொகாருவின் முதல் அங்கத்துக்கே என் வாக்கு. வெட்கத்தையும் மகிழ்ச்சியையும் அவர் நடித்துக் காட்டாமலே நம்பவைக்கிறார்.

குறிப்பெழுதும்போது, கண்டதை முதலிலும் கருத்தைப் பிறகும் எழுதுங்கள். “அற்புதம்”, “உயிரில்லை” போன்ற சொற்களை, அவற்றுக்குக் காரணமான ஓர் அசைவையாவது குறிப்பிடாமல் எழுத வேண்டாம். ஒருவர் ஒரு பாத்திரத்தை முதன்முறை ஆடும் மாலையைப் பற்றி இறுதித் தீர்ப்பு எழுதுவதையும் தவிருங்கள். அதே பாத்திரத்தில் அவரைச் சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபின் பழைய குறிப்போடு ஒப்பிடுவதே நியாயம். பாத்திரமே மாறிய நிலையில் ஒப்பிட விரும்பினால், அதற்கும் மேலே சொன்ன பதிவுகளிலேயே வழி இருக்கிறது: 2016-இல் ஜிசெல்லாக வரும் நூன்யெஸ், 2006 பதிவில் மிர்த்தாவாக ஆடியிருக்கிறார். இரண்டின் இரண்டாம் அங்கங்களையும் அடுத்தடுத்துப் பார்த்து, அவருடைய கைகளைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.